மலைக்காற்றுக்கு அளந்த துளை

ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் என் காரை என் பெயரில் நானே ஓட்ட வேண்டும். அந்த ஆண்டுகளில் எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். அற்பமான ஆசை என்று இன்று பிறர் சொல்லலாம். அன்று அதை அற்பமென்று யாரும் சொல்லவில்லை, அதிகப்பிரசங்கித்தனம் என்றார்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் டீமேக்கராக இருந்தேன். பறித்த கொழுந்து வாடுவது முதல் தூளாகிப் பெட்டியில் அடைபடுவது வரை தொழிற்சாலையில் நடப்பது யாவும் என் பொறுப்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, உத்தியோகத்தர் குடியிருப்புக்கு ஏறியவன் நான். அந்த ஏற்றத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தோட்டத்துப் பாதை எனக்குத் தினந்தோறும் நினைவூட்டியது. எதிரே தோட்டத்து நிர்வாகியான துரையின் கார் வந்தால் என்னைப் போன்றவர்கள் வடிகால் கானோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பின்னால் வந்தால் நிறுத்தி வழிவிட வேண்டும். எங்கும் எழுதப்படாத சட்டம் அது, மீறியவனும் இல்லை.

வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். உதவி நிர்வாகியான எங்கள் சின்னதுரை புறப்படும்போது விட்டுச்சென்ற காரை நான் வாங்கினேன். நான்கு கதவுகள், குடும்பக் கார் போன்ற தோற்றம், ஆனால் தாழ்ந்த உடல், நீண்ட முகம், வேகத்துக்கென்று செய்த இயந்திரம். அவரிடம் அது முறையான பராமரிப்பின்றி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. வாங்கிய வாரமே அதன் வயிற்றைத் திறந்தேன். அதன் பின்பு அதை முழுமையாக மூடிய நாள்கள் குறைவு.

ஹட்டனில் ஒரு சிறு கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக் ஒருவர், எல்லாரும் பாஸ் என்று அழைப்பவர், எனக்குத் துணை. இருவரும் சேர்ந்து இயந்திரத்தின் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினோம். ஒற்றைக் காபரேட்டரைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து எடுத்த இரட்டைக் காபரேட்டரைப் பூட்டினோம். காற்று தாராளமாக உள்ளே போகட்டும் என்று அதன் வாயை அடைத்திருந்த வடிகட்டிப் பெட்டியையும் நீக்கினேன். பின்சக்கர வில்களுக்கு ஒரு தகடு கூட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைகளில் கிரீஸோடு நான் சாப்பிட உட்காருவதைப் பார்த்து என் மனைவி ஒருநாள் சொன்னாள்:

"மத்தவங்க காரு வாங்கினா புள்ளகுட்டிய ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போறாங்க. நீங்க காரையே கோயிலாக்கிப்புட்டீங்க. அபிஷேகம் மட்டுந்தான் எண்ணெயில."

கார் பறந்தது. ஆனால் பனிமூட்டமுள்ள காலை வேளைகளில் ஒரு விசித்திரமான நோய் அதைப் பிடித்தது. வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டொரு மைல் சென்றதும், குறிப்பிட்ட ஒரு வளைவை ஒட்டி, இயந்திரம் இருமி நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. சிறிது நேரம் காத்திருந்து கிளப்பினால் ஒன்றுமே நடவாதது போல் ஓடும். பெற்றோல் பம்பை மாற்றினேன். குழாய்களை ஊதினேன். தீப்பொறிக் கம்பிகளையும் காயிலையும் மாற்றினேன். நோய் போகவில்லை. அந்த வளைவில் முனி நிற்கிறது என்ற பேச்சு லயங்களில் பரவிற்று. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் நான் நின்றிருப்பதைக் கண்டால், "முனிக்குச் சுருட்டுக் குடுத்தீங்களா ஐயா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். மனைவி சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் தடுக்கவில்லை, பம்பை மாற்றியதைக் காட்டிலும் அது மலிவான சிகிச்சை.

உண்மையைக் கண்டது தற்செயலாக. ஒரு காலை, நின்ற உடனேயே மூடியைத் திறந்து காபரேட்டரைத் தொட்டேன். விரல் விறைத்தது. அதன் தொண்டைக்குள் வெண்மையாகப் பனி படிந்திருந்தது. எங்கள் மலையின் ஈரக்காற்று, பெற்றோல் ஆவியாகும் குளிர்ச்சியில் உறைந்து வழியை அடைத்துக்கொண்டது. காத்திருக்கும் நேரத்தில் இயந்திரத்தின் சூடு அதை உருக்கிவிட, சான்று இல்லாமல் போயிற்று. வெதுவெதுப்பான காற்றைக் கொண்டுவந்து காத்த பெட்டியை வேகத்தின் பெயரால் நீக்கியவன் நானே. தேயிலைப் பெட்டிகளின் விளிம்புக்கு அடிக்கும் தகரத்தை வளைத்து, புகைக்குழாயின் சூட்டைக் காபரேட்டரின் வாய்க்குக் கொண்டுவரும் ஒரு குழலைச் செய்தேன். அன்று முதல் முனி வேறு வளைவுக்குப் போய்விட்டது.

அந்த வெற்றி தந்த துணிச்சலில் அடுத்த வேலையைத் தொடங்கினேன். எங்கள் உயரத்தில் காற்று மெலிந்தது. கீழ்நாட்டுக்கென்று அளந்த பெற்றோல் இங்கே மிகுதியாகிவிடுகிறது. இயந்திரம் கரும்புகை கக்கிச் சோர்கிறது. காபரேட்டரில் பெற்றோல் புகும் துளை, கழற்றி மாட்டக்கூடிய சிறு பித்தளைத் திருகில் இருக்கும். ஆகவே உபரித் திருகுகள் இரண்டின் துளைகளை ஈயம் வைத்து அடைத்து, அவற்றினும் மெல்லிய துளைகளை இட்டேன். இது சொல்வதற்கு எளிது. ஒரு மயிரிழை கூடினால் பழைய சோர்வு; குறைந்தால் இயந்திரம் பட்டினியில் வெந்துவிடும். துளையிடுவதும், மேட்டில் ஓட்டிப் பார்ப்பதும், தீப்பொறிப் பிளக்கைக் கழற்றி அதன் முகத்தின் நிறம் பார்ப்பதுமாக ஒரு மழைக்காலம் கழிந்தது. இறுதியில் பிளக்கின் முகம் நன்கு வறுபட்ட தூளின் பழுப்பு நிறத்துக்கு வந்தது. அந்தக் கார் அந்த மலையின் காற்றுக்கே பிறந்தது போல் ஏறிற்று. கீழ்நாட்டுக்குப் போகும்போது மட்டும் துளைகளை மாற்றியாக வேண்டும். பழைய துளைத் திருகுகளை ஒரு சிகரெட் தகரத்தில் வைத்திருந்தேன். கொழும்புக்குப் போனால் கினிகத்தேனைத் தேநீர்க் கடையில் நிறுத்தி, தேநீர் ஆறுவதற்குள் மாற்றிவிடுவேன்.

பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்புகிறவரைச் சங்கத்து உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும் என்பது விதி. சங்கத்தில் இருந்தவர்கள் துரைமார். எங்கள் தோட்டத்துக்கு அப்போது வந்திருந்த பெரியதுரை இந்த நாட்டவர். கொழும்பிலே பெரிய பள்ளியில் படித்தவர். வெள்ளைக்காரர் போய் நம்மவர் வந்ததில் எங்களுக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சி இருந்தது. பங்களாவுக்குச் சென்று, படிக்குக் கீழே நின்று, என் விருப்பத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். துரைமார் உத்தியோகத்தரிடம் ஆங்கிலத்திலும் தொழிலாளரிடம் தமிழிலும் பேசுவது வழக்கம். அவரும் ஆங்கிலத்திலேயே, நல்ல மரியாதையோடு, காரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. அப்படியொரு காரைத் தாம் ஓட்டியதில்லை என்றார். நான் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார். ஒரு டீமேக்கரைச் சங்கத்தில் முன்மொழிவது தமக்கல்ல, எனக்கே சங்கடமாக முடியும் என்றார். அங்கே நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று அக்கறையோடு வினவினார். ஆனால் இவ்வளவு நல்ல கார் வீணாகக் கூடாதாம். தாமே ஓட்டுவதாகவும், நான் மெக்கானிக்காக உடன் வரலாம் என்றும் சொன்னார்.

என் வீடு தோட்டத்தின் வீடு. கார் நின்றது தோட்டத்து லொறிக் கொட்டகையில். மறுக்கும் சொல் ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. 'வெரி குட், சேர்' என்றேன்.

பாஸ் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். தமக்குத் தெரிந்த தமிழில், "மாத்தயா, கல்யாணம் நீங்க செஞ்சது, பொண்ணு அவருக்கா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததை இன்று நினைத்தாலும் நா கசக்கிறது.

பந்தய நாளில் நான் கோட்டணிந்து சென்றேன். அதைக் கழற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்ய முடிந்தது. பிளக்குகளைப் பார்த்தேன். சக்கரங்களின் காற்றைச் சரிசெய்தேன். கயிற்றுக்கு அப்பால் கூட்டத்தில் எங்கள் தோட்டத்தார் பலர் நின்றார்கள். என் காரைக் காணவே பஸ் பிடித்து வந்தவர்கள். ஒலிபெருக்கி துரையின் பெயரைச் சொல்லிற்று. கார் சீறிக் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அதன் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். துரை கியரைத் தாமதமாக மாற்றினார். இரண்டு இடங்களில் தேவையின்றி பிரேக் பிடித்தார். அப்படியிருந்தும் அந்த வகைக் கார்களுக்கான வகுப்பில் கோப்பை அவருக்குத்தான் கிடைத்தது. அவர் ஓட்டிய விதத்தையும் மன்னித்து மேலேறும்படி அந்தக் காரை ஆக்கி வைத்திருந்தவன் நான்.

கோப்பையோடு நண்பர்கள் சூழ நின்றவர், அப்படியே கொழும்புக்கு விருந்துக்குப் போகப் புறப்பட்டார். என் காரிலேயே. நான் சிகரெட் தகரத்தோடு அவரிடம் ஓடினேன். கீழே இறங்குமுன் துளைகளை மாற்றாவிட்டால் இயந்திரம் வெந்துவிடும். கால் மணி நேரம் தந்தால் இங்கேயே மாற்றித் தருகிறேன் என்று, சுற்றி வளைக்காமல், ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். நண்பர்களில் ஒருவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். துரை தகரத்தை வாங்கி இருக்கையில் எறிந்தார். பிறகு என்னிடம், முதன்முறையாக, தமிழில் பேசினார்.

"சரி, சரி. நீ போ."

விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆளனுப்பும் தமிழ் அது. நல்ல தமிழ்தான், என் தகப்பனார் வாழ்நாளெல்லாம் அதைக் கேட்டவர். அதிலிருந்து என்னை மீட்கவென்றே அவர் எனக்கு ஆங்கிலம் படிப்பித்தார்.

கார் நான்கு நாள் கழித்து, கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிச் சென்ற லொறியின் முதுகில் திரும்பி வந்தது. அவிசாவளை தாண்டியதும் நின்றதாம். கீழ்நாட்டின் கனத்த காற்றில் பட்டினி கிடந்து, ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டையாகியிருந்தது. தகரம் எறிந்த இடத்திலேயே, திறக்கப்படாமல் கிடந்தது. துரை என்னைக் கூப்பிட்டார். இப்போது ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தார். என் காரின் இயந்திரம் பலவீனமானது என்றும், நண்பர்கள் முன்னிலையில் வாடகைக் கார் பிடிக்க நேர்ந்தது தமக்குப் பெரிய அவமானம் என்றும் சொன்னார். கோப்பையில் பங்களாவில் பூ வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் வருவது அப்போது நின்றுபோயிருந்தது. பாஸ் எங்கோ தேடி, வேறொரு வண்டியின் பிஸ்டனைக் கொண்டுவந்து, கடைசலில் கொடுத்து அளவுக்குக் குறைத்தார். மாதக்கணக்காயிற்று. கார் மறுபடி எழுந்தது. மேட்டில் ஓட்டினேன், பழைய குரல் திரும்பியிருந்தது. அடுத்த ஏப்ரலுக்கு வேறு யாரிடமாவது முன்மொழிவு கேட்கலாம் என்று, வெட்கமில்லாமல், மறுபடியும் எண்ணத் தொடங்கினேன். பூண்டுலோயாப் பக்கம் புதிதாக வந்த துரையொருவர் நல்லவர் என்று கேள்வி.

மாசி பிறந்ததும் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். பந்தயத்துக்குக் காரைத் தயார் செய்து வைக்கும்படி துரையின் உத்தரவு.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இம்முறை கேலி செய்யவில்லை. "மாட்டேன்னு சொல்லிப்புடுங்க. வீட்ட விட்டுப் போகச் சொன்னா போவோம். எங்கப்பா வீடு இருக்கு" என்றாள். அவளுடைய அப்பாவின் வீடு ஒரு லயத்து அறை. அதைச் சொல்லாமல், பார்க்கலாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு காரை ஹட்டனுக்கு ஓட்டிச் சென்று, நான் செய்ததையெல்லாம் அவிழ்த்துவிடும்படி பாஸிடம் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எல்லாமா?" என்றார். எல்லாம் என்றேன். இரட்டைக் காபரேட்டர் இறங்கிப் பழைய ஒற்றை ஏறிற்று. சீவிய தலைக்கடியில் தடித்த தகடு வைத்து அழுத்தத்தைத் தணித்தோம். வில்லின் தகட்டை உருவினோம். மலைக்காற்றுக்கென்று நான் அளந்த துளைகளைப் பாஸ் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று பட்டறைத் தொட்டியில் போட்டேன். கார் திரும்பிய வழியில் ஒரு தேயிலை லொறி எங்களை முந்திச் சென்றது.

துரை வந்து ஏறி, முதல் வளைவு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். கதவைத் திறந்தபடி விட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். பிஸ்டன் மாற்றியதிலிருந்து இப்படித்தான், இயந்திரம் பலவீனமானதுதானே சேர், என்றேன். அவர் கதவைச் சாத்தாமலே பங்களாவை நோக்கி நடந்தார். அந்த ஏப்ரலில் வேறொரு துரையின் காரை இரவல் வாங்கி ஓட்டினார். நான் தொழிற்சாலையில் இருந்தேன். கொழுந்து மிகுந்த மாதம்.

அவரிடமிருந்து ஒரு கோப்பையைத் தடுத்தேன். அதற்காக என்னிடமிருந்து தடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதை, காரை ஓட்டும்போதெல்லாம் உணர்ந்தேன். அதே கார், அதே மேடு. மிதித்தால் ஒரு முனகல். அதை மறுபடி எழுப்பினால் மறுபடி கேட்பார்கள். எழுப்பாவிட்டால் எனக்கு அதில் என்ன இருக்கிறது? ஆண்டு முடிவதற்குள் றொசல்லையில் மரக்கறி வியாபாரம் செய்த ஒருவருக்கு விற்றுவிட்டேன்.

சில மாதம் கழித்து அவரை ஹட்டன் கடைத்தெருவில் கண்டேன். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுக் சந்தைக்குக் கோவா மூட்டை ஏற்றியிருந்தார். கார் மேட்டில் ஏற மறுக்கிறது, நீங்கள் மெக்கானிக் வேலையெல்லாம் தெரிந்தவராமே, ஏதாவது செய்து வேகமாக்க முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். அந்தக் கார் நான் வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னேன்.