நாலாவது மாடி பேங்க்

என் அண்ணனை அவன் வேலை பார்த்த இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் நின்றால் பேங்க் அண்ணே, அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால் வெறும் பேங்க். "பேங்க் சாப்பிடப் போயிருக்கு", "பேங்க்குக்கு இன்னைக்கு ஜலதோஷம்" என்று என் காதுபடவே பேசுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவன் சூப்பர்வைசர். கட்டிடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. சுவரோரமாகத் துவைக்கும் மெஷின்கள், எதிரே உலர்த்தும் மெஷின்கள், கடைசியில் போர்வைகளைத் தேய்த்துத் தள்ளும் உருளை. மாடிகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி இறங்கும். ஆபரேஷன் அறையிலிருந்து வரும் பச்சைத் துணிகளை மட்டும் அண்ணன் யாரையும் தொட விடமாட்டான். ஒவ்வொன்றையும் தானே பிரித்து உதறுவான். மடிப்புக்குள் கத்தரிக்கோலோ ஊசியோ மாட்டிக்கொண்டிருந்தால் மெஷினும் போச்சு, எடுக்கிறவர் கையும் போச்சு. அவன் காலத்தில் ஒரு ஊசிகூட உள்ளே போனதில்லை. இவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன் தன் சட்டைப் பையை ஒரு நாளும் உதறிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த அறையில் அவனுக்கு மட்டும்தான் நிரந்தர வேலை. மற்றவர்கள் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், சம்பளச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாதவர்களுக்கு எந்த வங்கியும் கிரெடிட் கார்டு தராது. அண்ணனுக்கு வீடு தேடி வந்து கொடுத்தார்கள். அதன்பிறகு யாருக்கு என்ன வாங்க வேண்டுமென்றாலும் அண்ணனைக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவருக்குப் போன், ஒருவருக்குக் கட்டில், உருளையில் நிற்கும் இஸ்திரி அக்காவுக்குத் தையல் மெஷின். இவன் கார்டைத் தேய்ப்பான், அவர்கள் மாதாமாதம் அவன் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள். ஒரு பைசா வட்டி வாங்கமாட்டான். வாங்கச் சொன்னால் கோபம் வேறு வரும்.

"நம்ம ஆளுங்ககிட்ட வட்டியா? நல்லா இருக்கு நீ சொல்றது!" என்பான்.

அண்ணனும் அண்ணியும் எங்கள் கட்டிடத்திலேயே நாலாவது மாடியில் இருந்தார்கள். நான் இரண்டாவது மாடி. லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை. சலவைக்கூடமே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும். பணம் கொடுக்க வந்தவர்கள் டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். அண்ணிக்கு அதில் தனி சந்தோஷம். அவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்து, படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டிருந்தது. அவள் உலகத்தைத் தேடிப் போக முடியாததால் உலகம் அவளைத் தேடி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை தரைத்தளத்தில் ஒரு வீடு. கதவைத் திறந்தால் தெரு இருக்க வேண்டும், யார் கையையும் பிடிக்காமல் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி வர வேண்டும். அதற்கான முன்பணத்தை வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பிடித்து வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் நேராக மேலே போகாமல் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பேங்க்லேர்ந்து ஆபீஸுக்கே போன் பண்ணிட்டாங்க. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"கடன் எப்ப கட்டப் போறேன்னு."

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். தரைத்தளத்து வீட்டு முன்பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

"மாசாமாசம் கட்டிட்டுத்தானே இருந்த?"

"ஒரு மாசம்கூடத் தவறல. இந்தக் கடைசி ரெண்டு மாசம்தான் முடியல."

அவன் பொய் சொல்லவில்லை. பில்லில் இரண்டு தொகை போட்டிருப்பார்கள். ஒன்று முழுக் கடன். இன்னொன்று, இதையாவது கட்டு என்று கேட்கும் சின்னத் தொகை. அண்ணன் அந்தச் சின்னத் தொகையைக் கெடு தேதிக்கு முன்னாலேயே வரிசையில் நின்று கட்டிவிட்டு, கட்டிமுடித்த நிம்மதியோடு வீட்டுக்கு வருவான். வங்கி ஏதோ சலுகை காட்டுகிறது என்று நினைத்திருக்கிறான். கட்டியதில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விட, மிச்சக் கடன் மேலே புதுவட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் அந்தச் சின்னத் தொகையே கட்ட முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. படித்துச் சொல்ல ஆளில்லாத வீடா எங்கள் வீடு? கேட்டால்தானே!

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அண்ணன் மேல் அல்ல. இவன் கார்டில் வாங்கித் தின்றுவிட்டுக் கைவிரித்த ஒரு கூட்டம் இருக்கிறது, இவன் அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சலவைக்கூடத்துக்கே போனேன். அண்ணன் மேலே துணி வாங்கப் போயிருந்தான். முதலில் கண்ணில் பட்டது இஸ்திரி அக்காதான். உருளையின் சூட்டில் முகமெல்லாம் வேர்த்து நின்றவளைப் பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். ஏமாற்றிப் பிழைக்கிற கும்பல் என்றுகூடச் சொன்னேன்.

அவள் உருளையை நிறுத்தினாள். கோபப்படவில்லை.

"அம்மா, என் மெஷின் பணத்தை நான் எப்பவோ குடுத்து முடிச்சிட்டேன். இங்க யாரை வேணாலும் கேளுங்க. அண்ணனுக்குத் தரவேண்டியது ஒருத்தர்கிட்டயும் நிக்காது. நிக்க விட்டா எங்களுக்குச் சோறு இறங்குமா?"

கேட்டேன். ஒவ்வொருவரையும் கேட்டேன். திட்டுவதற்கு ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று தேடினேன். கிடைக்கவில்லை. எல்லோரும் கொடுத்து முடித்திருந்தார்கள், சிலர் முன்கூட்டியே.

அன்று சாயங்காலம் அண்ணி முன்னால் வைத்தே கேட்டேன். "எல்லாரும் குடுத்திருக்காங்க. அப்ப பணம் எங்க போச்சுண்ணே?"

"கையிலதான் இருந்துச்சு" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் நடந்தது அதுதான். கார்டில் செலவானது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்கு வந்த நோட்டுகள் தெரிந்தன. பையில் பணம் இருந்தால் அது செலவு செய்வதற்குத்தான் என்று நினைக்கிறவன். கூடத்தில் எல்லோருக்கும் டீ, யாருக்கோ காய்ச்சல் என்றால் டாக்ஸி, யார் பிள்ளைக்கோ செருப்பு. என் வீட்டுக்கு அவன் ஒரு நாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. என் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தைக்கூட ஒரு தடவை கேட்காமலேயே கட்டினான். பணம் எங்கே போச்சு என்று நான் போட்ட சத்தத்துக்கு நடுவில் அதுவும் ஞாபகம் வந்தது. சத்தம் தானாக இறங்கிவிட்டது.

அண்ணி சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்ளே போய், பீரோவிலிருந்து முன்பணத்தைத் துணிப்பையோடு கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"முதல்ல இதைக் கட்டுங்க. என் முட்டிக்கு வயசாகுதே ஒழிய அவசரம் ஒண்ணும் இல்ல."

அண்ணன் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் அப்பா போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

அந்த வாரமே இஸ்திரி அக்கா நாலு மாடி ஏறி வந்தாள். தையல் மெஷினை விற்றுப் பணமாகத் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டீ கொடுத்து, விற்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

பிறகு நான் தலையிட்டேன். வங்கிக்கு நானும் அண்ணனுடன் போனேன். முன்பணத்தைக் கட்டி, மிச்சத்தைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றிக்கொண்டு, கார்டை முடித்தோம். சலவைக்கூடத்துக் கத்தரிக்கோலாலேயே அதை வெட்டினான். சம்பளம் வந்த அன்றே தவணை போகும், மிச்சம் அண்ணி கைக்கு. அவள் வாடகைக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று டப்பாக்களில் பிரித்துப்போடுவாள். எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் கடைசி டப்பாவில் விழும். அது தரைத்தளத்து டப்பா. பல மாதம் அது காலியாகவே இருந்தது. அண்ணன் பையில் பஸ் காசு மட்டும்தான் இருக்கும். பழைய ஸ்கூட்டரை விற்றாயிற்று.

அதைவிட முக்கியமாக, இல்லை என்று சொல்ல அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

"கேட்டா நேரா முகத்தைப் பாத்து, 'இல்ல'ன்னு சொல்லு. 'பாக்கலாம்'னு சொன்னியோ, தொலைஞ்ச!"

"முகத்தைப் பாத்தா வரமாட்டேங்குது."

"அப்ப சுவத்தைப் பாத்துச் சொல்லு."

சுவரைப் பார்த்தே சொல்லப் பழகினான். டீக்கடைக்குப் போனால் எல்லோருக்கும் வாங்கித்தரக் கை பரபரக்கும் என்று போவதையே விட்டான். வீட்டிலிருந்து ஃப்ளாஸ்கில் டீ கொண்டுபோய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து குடித்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்தது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. வர ஒரு காரணம் வேண்டாமா மனுஷனுக்கு? பணம் கொடுக்க வருவது என்ற காரணம் போனதும் படிகள் உயரமாகிவிட்டன.

கடன் தீர்ந்தது. அதற்குள் அண்ணியின் முட்டி இன்னும் மோசமாகி, வீட்டுக்குள்ளேயே கம்பு பிடித்து நடந்தாள். டாக்டரிடம் போக மட்டும்தான் இறங்கினாள், அதுவும் உட்கார்ந்து உட்கார்ந்து. கடைசி டப்பா ஒருவழியாக நிறைந்தது. அடுத்த தெருவில் தரைத்தளத்தில் வீடும் அமைந்தது. முன்பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்னால், சாமான்களைக் கட்ட நான் மேலே போயிருந்தேன். அப்போதுதான் இஸ்திரி அக்கா வந்தாள்.

உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள். மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றாள்.

"கார்டு இல்லைன்னு தெரியும் அண்ணே. கையில ஏதாவது இருந்தா குடுங்க. மெஷினை வித்தாவது சீக்கிரம் திருப்பிடுவேன்."

அண்ணன் வீடு மாறுவது அவளுக்குத் தெரியும். கட்டிவைத்த மூட்டைகள் அவள் கண் முன்னால்தான் இருந்தன. பணம் இல்லாமல் யாரும் வீடு மாறுவதில்லை.

அண்ணன் சுவரைப் பார்த்தான். "இல்லம்மா" என்றான்.

அவள் "சரிங்க சார், நான் வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சார். அத்தனை வருஷத்தில் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். பாடத்தைச் சரியாக ஒப்பித்துவிட்டு, சரியா என்று கேட்கிற பார்வை. நன்றாகச் சொன்னாய் என்று அவனை நான் மெச்ச வேண்டிய நேரம் அது. நான் கட்டிய மூட்டையையே அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

உள்ளே அண்ணி கம்பைத் தேடும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் படியில் யாரும் இல்லை.

"குடுத்திருக்கலாமே" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் நான் இங்கயே இருந்திருக்க மாட்டேனா?"

"உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

இரவு முழுக்க அவன் தூங்கவில்லை என்று அண்ணி சொன்னாள். விடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு ஓடினான். இஸ்திரி அக்கா அதற்குள் ஒரு வட்டிக்காரரிடம் வாங்கிவிட்டிருந்தாள். கொள்ளை வட்டி. இவன் நீட்டியதை அவள் வாங்கவில்லை. "வேணாம் சார், ஏற்பாடு ஆயிடுச்சு. நீங்க முதல்ல வீட்டைப் பாருங்க" என்றாளாம். குரலில் கோபமே இல்லை என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னான். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது கொடுத்திருப்பான்.

இப்போது அவர்கள் தரைத்தளத்தில் இருக்கிறார்கள். கடன் இல்லை. டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியது இருக்கிறது. அண்ணி கம்பை ஊன்றிப் போய்த் தானே கீரை வாங்கி வருகிறாள். அவள் ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. இதைக் குறை சொன்னால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது வாசல் கதவு அகலத் திறந்திருக்கும். அண்ணன் காலையிலேயே நாற்காலிகளை வெளியே எடுத்துப்போட்டு, ஃப்ளாஸ்க் நிறைய டீ போட்டுவைத்துவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இங்கே ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லை. சலவைக்கூடத்து ஆட்கள் பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போகிறார்கள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போகிறார்கள். மிஞ்சுகிற டீயை நானும் அண்ணியும்தான் குடிக்கிறோம்.