காய்ச்சல்காரர் வென்ற கப்

என் கணவர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். லீவு நாளென்றால் வாலிபால்தான். இரண்டு வயதுப் பிள்ளையின் தகப்பன் மணலில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வதில் என்ன பெருமையோ.

போன மாதம் ஒரு நாள் காலையில், கப்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினார். எவர்சில்வர் டம்ளருக்குக் காது வைத்தது போலிருந்தது. "உலகக் கோப்பை வாங்கிட்டாவ" என்று கேலியாக எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு வந்த எதிர்வீட்டு மதினி என் கையைப் பிடித்தார். அவர் கணவர்தான் ஷார்ஜாவில் இவருக்கு சூப்பர்வைசர்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரர் நேத்து காய்ச்சல்னுல்லா லீவு போட்டிருக்காரு. நீ கப்போட படத்தைப் போட்டிருக்க. எங்க வீட்டுக்காரர் இன்னும் பாக்கல. பாத்தா வேலை போயிரும்."

போனை எடுத்தேன். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை. மகளின் துண்டில் துடைத்துத் துடைத்து, நான்காவது முறைதான் ஸ்டேட்டஸ் அழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் கணவரிடம், "காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றேன்.

"பைனல் தினமுமா வருது?" என்றார். வேலை மட்டும் தினமும் வருமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவர் படம் அனுப்பினால், அது எந்த நாள் எடுத்தது, அன்று டூட்டி இருந்ததா என்று கேட்காமல் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. அன்று வைத்ததுகூட வெறும் கேலிதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கப் பார்சலில் வந்துவிட்டது. அதில்தான் துணி காயப்போடும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.