நான்கு நாற்காலிக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்

இன்று மதியம் ஃபேரர் பார்க் உணவங்காடியில் ஒரு கட்சித் தொண்டர் தேர்தலுக்காக டிஷ்யூ பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே அச்சிட்டிருந்தது: ‘கம்பெனி பாஸுக்கு மட்டும் கொழுத்த போனஸா?’

அதை வாங்கிய ஓர் அங்கிள் கொதித்துவிட்டார். “அநியாயம்லா! எல்லாத்தையும் ஒரே ஆளு அமுக்குறான். என் ஓட்டு உங்களுக்குத்தான்!”

சொன்ன கையோடு, நான்கு பேர் உட்காரும் மேசையில் அந்தப் பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, பிரியாணி வாங்கி வந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

தோசைத் தட்டோடு நின்ற நான், “அங்கிள், உக்காரலாமா?” என்றேன்.

“ஆளு வருது.”

அவர் சாப்பிட்டு எழும்வரை யாரும் வரவில்லை. நான் நின்றுகொண்டே தோசையை முடித்தேன்.

என் ஓட்டு இன்னும் முடிவாகவில்லை. பாக்கெட் மட்டும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

நாளை என்னோடு சாப்பிட வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். யாரும் வராவிட்டாலும் மேசை என்னுடையதுதான்.