சிசிலியிடம் கொடுக்காத சாவி

பத்தொன்பது வருடமாகச் சிசிலி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறாள். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். எது தொட்டிலில் தூங்கும், எது தோளில் போட்டால்தான் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம். தபால் கொடுக்கப் போகிற என்னிடமே, "என்ன அண்ணே, ஊர்க்கதையெல்லாம் வந்திருச்சு, கடுதாசியத்தான் காணோம்" என்பாள்.

காம்பராவின் சாவி அவளிடம் கிடையாது. அது தோட்டத்து ஆபிசில், வெல்பெயார் ஐயாவின் மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தொழிலாளர் நலனைப் பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற மனிதர் அவர். சிசிலி வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே என்றைக்கோ இரண்டு பால்மாப் பெட்டி காணாமல் போனதாம். அன்றைக்கு மாட்டிய சாவி. ஆபிஸ் திறப்பது ஏழரைக்கு. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டோ ஆறரைக்கு. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பி நடக்க வேண்டியதுதான்.

மாமியார் இருக்கிறவள் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவாள். பூரணிக்கு யாருமில்லை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மணிக்கே காம்பரா வாசலில் நிற்பாள். மழையில்லாத நாளில் சிசிலி வாசல்படியில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொள்வாள். எங்கள் மலையில் மழையில்லாத நாளை விரல்விட்டு எண்ணலாம். ஒருமுறை அப்படிப் பனியில் கிடந்து பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதற்குப் பிறகு மழை பெய்தால் பூரணி வேலைக்குப் போவதில்லை. இன்னும் இப்படியே செய்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் விஜிதரன் வந்து சேர்ந்தான். தலவாக்கலைப் பையன். அவன் அப்பன் வீரய்யா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி மகனைப் படிக்கவைத்தவன். பிள்ளை கழுத்தில் அட்டையும் கையில் கலர்க் காகிதமுமாகக் கொழும்பு நிறுவனம் ஒன்றிலிருந்து இறங்கினான். திட்டத்தின் பெயர் கூட்டு உருவாக்கம். தோட்டமும் தாய்மாரும் நிறுவனமும் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைக் காம்பராவைச் சீர்திருத்துவார்களாம். அதற்கு முன்னால் உறவைக் கட்டியெழுப்ப வேண்டுமாம். எல்லாருக்கும் பொதுவான விழுமியங்களைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். எட்டு மாதம் கட்டினார்கள். அந்த எட்டு மாதத்தில் புதுக் காம்பராவே கட்டியிருக்கலாம்.

கூட்டம் எப்போது? வார நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரம் தாய்மார் அத்தனை பேரும் மலையில். அதனால் தாய்மார் சார்பில் நானும், கோயில் கமிட்டி இராமையாவும், பென்ஷன் வாங்கிய இரண்டு கிழவர்களும் உட்கார்ந்தோம். நான்கு பேருக்கும் மீசை இருந்தது. பிள்ளை பெற்ற அனுபவம் ஒருவனுக்கும் இல்லை. அது விஜிதரன் கண்ணில் படவே இல்லை. வருகைத் தாளில் கையெழுத்து நிறைந்தால் அவனுக்குப் போதும்.

கூட்டம் எங்கே? பிள்ளைக் காம்பராவிலேதான். பிள்ளைகளின் நலனைப் பேச இடம் வேண்டுமென்று பிள்ளைகளைத் தொட்டிலோடு வெளி விறாந்தைக்குத் தள்ளினார்கள், சாரல் அடிக்கிற விறாந்தைக்கு! சிசிலி ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து ஓடிக்கொண்டிருந்தாள். ஆயாவின் பங்கேற்பு குறைவு என்று விஜிதரன் குறிப்பெழுதிக்கொண்டான். எழுதினதை நானே பார்த்தேன். படித்த முட்டாளுக்கு ஈடு படித்த முட்டாள்தான்.

ஒருநாள் சிவப்பு உல்லன் நூல் பந்தை ஆளுக்கு ஆள் எறிந்து விளையாடினோம். அந்த நூல்தான் நம் உறவாம். விளையாட்டு முடிந்ததும் சிசிலி அந்த நூலைக் கேட்டாள். பூரணி பிள்ளைக்கு ஒரு குல்லா பின்னலாமென்று நினைத்திருக்கிறாள். அடுத்த தோட்டத்துக்கு வேண்டுமே என்று சொல்லி, விஜிதரன் உறவைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பிறகு ஆளுக்கு ஒரு மஞ்சள் காகிதம் தந்து, விழுமியம் எழுதச் சொன்னான். சிசிலி 'கதவு ஆறு மணிக்குத் திறக்கணும்' என்று எழுதினாள். அது கோரிக்கை, விழுமியம் இல்லை என்று சிரித்துக்கொண்டே அதைக் கிழித்துப் போட்டு, நேரந்தவறாமை என்று அவனே எழுதி ஒட்டினான். வெல்பெயார் ஐயா 'நம்பிக்கை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. நான் ஒற்றுமை என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூட்டத்தில் கொடுத்த ரோல்ஸில் இரண்டைத் தின்றேன். என்னைப் போல நாலு பேர் இருக்கிறவரை இவர்களுக்கு என்ன கவலை?

சாவியைப் பற்றி இராமையா ஒருமுறை வாயெடுத்தார். ஆவன செய்வோம் என்றார் வெல்பெயார் ஐயா. வாயால் வடை சுடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அந்த வாரமும் மழை. பூரணி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இனி ஒருநாள் வராவிட்டாலும் வரவே வேண்டாம் என்று கண்டாக்கு சொல்லி அனுப்பினார்.

கடைசியில் நிறைவு விழா வந்தது. கொழும்பு நிறுவனத்திலிருந்து நரைத்த தலையோடு ஓர் அம்மா வருகிறார் என்று தோட்டமே பரபரத்தது. பலூன் கட்ட வேண்டுமே! அதனால் முதல்நாள் சாயங்காலம், பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, சாவியைச் சிசிலி கையில் கொடுத்தார்கள். அவள் பலூன் கட்டினாள். கட்டிவிட்டு, தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்த் தாய்மாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தாள். விடிந்தால் நல்ல மழை. ஆறு மணிக்குக் கதவு திறந்திருந்தது. பூரணிதான் முதலில் வந்தாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே பெரட்டுக்கு ஓடினாள்.

பத்து மணிக்கு விழா. பேச்சுகள் முடிந்து படம் பிடிக்கிற நேரத்தில், வெல்பெயார் ஐயா சிசிலி பக்கம் குனிந்து, சாவியை ஆபிசில் கொடுத்துவிடச் சொன்னார். அவர் சொன்னது மெதுவாக. அவள் மெதுவாகப் பேசவில்லை.

"எதுக்குங்க ஐயா? நம்பிக்கைன்னு நீங்கதானே உங்க கையால எழுதினீங்க. பத்தொம்பது வருசமா இருபத்திரெண்டு புள்ளைங்கள நம்பி என்கிட்ட விடுறீங்க. ஒரு சாவிய விடமாட்டீங்களா?"

தமிழ் தெரியாத கொழும்பு அம்மா விஜிதரனைப் பார்த்தார். அவனுக்கு அப்பன் கவ்வாத்துக் கத்தி பிடித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, அவள் கேட்டதை ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீசில் சொன்னான். அந்த அம்மா கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வெல்பெயார் ஐயாவும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்?

பூரணி பேர் இன்னும் பதிவில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வழவழ காகிதத்தில் அறிக்கை வந்தது. என் தபால் பையில்தான் வந்தது. சாவியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எல்லாத் தரப்பிலும் நம்பிக்கை வளர்ந்துள்ளது என்று போட்டிருந்தார்கள். விறாந்தையில் உட்கார்ந்து சிசிலிக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாருக்கு வளந்துச்சாம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.