ஒற்றைக் கறுப்பு மணி

குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதுபோல, நான் கோக்கும் பாசிமணி மாலை ஒவ்வொன்றிலும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மணியைச் சேர்த்துவிடுவேன். கண் படக்கூடாது என்பதற்காகத்தான். அது இல்லாத மாலையை எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்கள் தொடவே மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் கோல சிலாங்கூர் பட்டணத்தில் பெண்களுக்கென்று ஒரு கைவினைச் சங்கம் தொடங்கினார்கள். காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு, மத்தியானம் பஸ் ஏறிப் போய் நானும் சேர்ந்தேன். தலைவி எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி. என் மாலையை எடுத்ததும் அவர் கண்ணுக்கு அந்தக் கறுப்பு மணிதான் தெரிந்தது.

"என்னா லா இது, எஸ்டேட்டு வேலை மாதிரி? அத எடுத்துட்டுக் கொண்டாங்க."

நான் எடுக்கவில்லை. சங்கம் நடத்தவிருந்த கண்காட்சியில் எனக்கு மேசையில் இடமில்லை என்றார்கள். ஆனால், மாதிரிக்கு என்று ஒரு மாலையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த அதிகாரி ஒருவரின் மனைவி, அந்த ஒற்றை மணிதான் அழகு என்றாராம். பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கண்காட்சியன்று நான் கோத்த மாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மேசை நிறையத் தலைவி கோத்த மாலைகள். எல்லாவற்றிலும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மணி.

என்னைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாளிடம் என் கழுத்தைக் காட்டிச் சொன்னார்:

"பாருங்க, எஸ்டேட்டுப் பொம்பளைங்ககூட நம்மளப் பாத்துச் செய்ய ஆரம்பிச்சிட்டாங்க."