பதினாலு என்று எழுதிய ஆறு அட்டைகள்

கூண்டுக்குள் கை விடுவதற்கு முன் சின்னையன் இரண்டு உள்ளங்கைகளையும் சட்டையில் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்று பட்டால் சினை எலி மிரளுமாம். செங்கல்பட்டுக்கு அருகே நான் கூண்டு கழுவும் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினைந்து வருஷமாக இதைப் பார்க்கிறேன். மே மாதத்திலும் தேய்ப்பார்.

அவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர். 1993இல் தினக்கூலியாகச் சேர்ந்தார். முதல் பஸ்ஸில் வந்து, ஆணோடு விட்டிருந்த பெண் சுண்டெலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். இணை சேர்ந்திருந்தால் மெழுகுத் துளி போல ஓர் அடையாளம் இருக்கும். அதிலிருந்து கர்ப்ப நாளை எண்ணிக் கூண்டின் அட்டையில் எழுத வேண்டும்.

"இன்னா அண்ணாத்த, இன்னிக்கி எத்தினி பேருக்கு வளகாப்பு?" என்பார் வாட்ச்மேன் ராஜேந்திரன். அவரும் தினக்கூலிதான்.

"மூணு பேருக்கு. வளையலுதான் சைஸ் கெடைக்கல."

2006இல் எலிக்கென்றே செய்த ஸ்கேன் இயந்திரம் வந்தது. அங்கே ஆராய்ச்சி செய்யும் மீரா மேடம் அதில் கருவின் இதயத்தைப் பார்த்தார். தாயை அறுக்க வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்து, வயிற்று முடியை எடுத்து, ஜெல் தடவி, வெதுவெதுப்பான தட்டில் படுக்கவைத்தால் போதும். கடுகளவு இதயம் திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துடிக்கும். பதினாலாம் நாள் அதன் நடுச்சுவர் மூடியிருக்க வேண்டும். அடையாளம் கண்ட நாளைப் பூஜ்யம் என்று வைக்கச் சொன்னார் மேடம். சின்னையனும் அப்படித்தான் எழுதிவந்தார்.

அந்த ஆவணியில் அவருடைய அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு வந்த அன்று ஆறு கூண்டுகளில் அடையாளம் கண்டார். பதினாலு என்று அவர் அட்டையில் எழுதிய நாளில் ஆறையும் ஸ்கேன் செய்தார்கள். பார்த்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. மருந்து எதுவும் கொடுக்காத எலிகள். பரம்பரையிலேயே கோளாறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றார் இயக்குநர். மொத்தம் நானூறு எலிகள். நிரந்தர வேலைக்கான பட்டியலும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. அதில் சின்னையன் பெயர் முதலாவது என்று எல்லோருக்கும் தெரியும்.

சாயங்காலம் சின்னையன் கையைத் தேய்த்துக்கொண்டு ஓர் எலியை எடுத்தார். இரண்டு விரலால் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு அட்டையைக் கழற்றி, விரல் கணுக்களில் எண்ணினார்.

"கன்னியம்மா, காரியத்துக்குப் பதினாறு எப்டி எண்ணுவோம்?"

"செத்த அன்னிக்கே ஒண்ணு," என்றேன்.

"அதே கணக்குல எழிதிக்கீறேன். இதுக்கு இன்னிக்கிப் பதிமூணுதான்."

"யாருக்கும் தெரியாதே அண்ணே. லிஸ்டு வர்ற நேரம்," என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

"அதுங்க சாவுறதுக்குப் பொறந்ததுதான். அதுக்குன்னு இல்லாத நோவ அதுங்க தலையில கட்டலாமா?"

அட்டைகளை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனார்.

"மேடம், நான்தான் தப்பா எழிதிட்டேன். நெசத்துல ஒரு நாள் கம்மி."

"ஆறுலயுமா?"

"ஆறுலயும். நாளைக்கி இன்னொருவாட்டி போட்டுப் பாருங்க."

மறுநாள் பார்த்தார்கள். முதல் எலியில் சுவர் மூடியிருந்தது. இரண்டாவதிலும். ஆறாவது முடிந்ததும் மேடம் இயந்திரத்தை அணைத்துவிட்டு இயக்குநரின் அறைக்குப் போனார். எலிகளை அழிக்கவில்லை. ஆனால் முந்தைய நாள் கண்டது ஏன் தவறு என்று மேடம் எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. சின்னையன் அட்டையில் எழுதிய நாள் தப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒட்டிய பட்டியலில் ராஜேந்திரன் பெயர் இருந்தது. சின்னையன் பெயர் இல்லை. அன்று ராஜேந்திரன் வளைகாப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அட்டையில் இப்போது அடையாளம் கண்ட தேதியை மட்டும்தான் எழுதுகிறார்கள். கர்ப்ப நாளை மேடமே எண்ணிக்கொள்கிறார். சின்னையன் இன்னும் தினக்கூலிதான், முதல் பஸ்ஸில்தான் வருகிறார்.