புல் மிஷினுக்குப் போட்ட பேட்டரி

சஷ்டி விரதத்தன்று நான் பசியோடு குனிந்து பெருக்குவதைப் பார்த்து, வைரக்கண்ணு அண்ணன் துடைப்பத்தை வாங்கி மீதி வாசலைப் பெருக்கிவிட்டார். தாராசுரத்தில் நாங்கள் வேலை பார்த்த விடுதியில் அவர்தான் புல் வெட்டுகிறவர். முட்டி தேய்ந்தவரை வயல் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? இதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

புல் வெட்டும் மிஷினின் பேட்டரி பழசு. அரை மணிக்கு மேல் ஓடாது. அன்று சாயங்காலம் புல்தரையில் ஒரு நிச்சயதார்த்தம்.

“பாதியில நின்னுச்சுன்னா நாளைக்கு வராதீங்க,” என்றார் மேனேஜர்.

அண்ணன் தன் மின்சார ஸ்கூட்டரின் நான்கு பேட்டரியில் இரண்டைக் கழற்றினார்; நான்கிலும் சார்ஜ் இருந்தால்தான் அந்த வண்டி ஓடும். அவை பெரியவை, மிஷின் பெட்டிக்குள் அடங்கவில்லை. மேலே வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். நின்றுவிடக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்குள் முழுக்க வெட்டி முடித்துவிட்டார்.

மேனேஜர் கண்ணில் டியூப்தான் பட்டது.

“விஞ்ஞானின்னு நெனப்பா? யாரைக் கேட்டு மிஷின்ல கை வச்சீங்க? தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? கெளம்புங்க.”

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். நடக்கவில்லை. பேட்டரிகளைத் திரும்ப மாட்டி, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

“ஓட்டிக்கிட்டுப் போகலையாண்ணே?” என்று கேட்டேன்.

“சார்ஜ் பூரா புல்லுக்கே போயிடுச்சு, தங்கச்சி.”